பிரைம் மூவரை ஃபுல் பொடி லொறியாக்கும் முன் முன்னக்சிலின் பாரத்தைப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025இல் அது மறுபடி திறக்கும் வரை பழைய லொறிகளுக்கு ஏறிய விலை கிழக்கில் வியாபாரம் செய்யும் எல்லோருக்கும் தெரியும். அந்த நெருக்கடியில் பிறந்த பழக்கம் இன்னும் போகவில்லை. கொள்கலன் இழுத்து ஓய்ந்த பிரைம் மூவரை வாங்கி, பின்னால் ட்ரெய்லரைக் கொழுவும் தட்டான ஃபிப்த் வீலைக் கழற்றிவிட்டு, அதே செசியில் மூடிய பொடி அடித்து ஓட்டுவதுதான் அது. சம்மாந்துறை, கல்முனைப் பக்க அரிசி ஆலைக்காரரும் காத்தான்குடி மொத்த வியாபாரிகளும் இப்படி நினைப்பதில் தவறில்லை. எஞ்சினும் கியர் பொக்ஸும் நல்லதாக இருந்தால் அந்த வண்டி இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் வேலையைச் செய்கிற முறை சரியில்லை. பொடிக்கும் பெயின்ற்றுக்கும் காட்டுகிற கவனத்தில் பாதியைக்கூட செசிக்குக் காட்டுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. 4×2, அதாவது இரண்டு அக்சிலில் பின்னக்சில் மட்டும் இழுக்கும் பிரைம் மூவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெறும் எடை 6.8 தொன், அதில் முன்னக்சிலில் 4.6, பின்னக்சிலில் 2.2. வீல்பேஸ், அதாவது இரு அக்சிலுக்கும் இடைப்பட்ட தூரம், 3.5 மீற்றர். கபினுக்குப் பின்னால் பொடி தொடங்கும் இடம் முன்னக்சிலிலிருந்து 1 மீற்றர். அதில் 24 அடி, அதாவது 7.3 மீற்றர் பொடி. பொடியும், அதற்கும் செசிக்கும் நடுவே வைக்கும் சப் ஃபிரேமும் சேர்ந்து 2.5 தொன். 25 கிலோ அரிசி மூட்டை 300 ஏற்றினால் 7.5 தொன். மொத்தம் 10 தொன்.

செசியை நீட்டாமல் இந்தப் பொடியை வைத்தால், பொடியின் நடு பின்னக்சிலுக்கு 1.15 மீற்றர் பின்னால் விழும். தராசுத் தட்டு போல, பின்னால் அமுங்கிய பாரம் முன்னாலுள்ளதைத் தூக்கும். 10 தொன்னை 1.15ஆல் பெருக்கி 3.5ஆல் வகுத்தால் 3.3 தொன். 4.6 தொன் இருந்த முன்னக்சிலில் 1.3 தொன்தான் மிஞ்சும். பின்னக்சிலில் 15.5 தொன் ஏறும். பின்னக்சில் தாங்கும் எல்லையாக வண்டியின் தகட்டில் 11 தொன் என்று அடித்திருந்தால் 4.5 தொன் மிகை. பொடியை 20 அடியாகக் குறைத்தாலும் முன்னால் 3 தொன், பின்னால் 13.8 தொன். ஸ்டியரிங் பிடிக்க இலேசாக இருக்கிறது என்று சாரதி சந்தோஷப்படுவார். முன் ரயருக்கு ரோட்டில் பிடி இல்லாததால்தான் அந்த இலேசு வருகிறது. மார்கழி மழையில் கல்லடிப் பாலத்து ஏற்றத்திலோ கல்முனைச் சந்தியிலோ ஸ்டியரிங்கை வளைத்தால் வண்டி வளையாமல் நேரே போகும்.

அதே வண்டியின் வீல்பேஸை 5.5 மீற்றராக நீட்டினால் நிலைமை மாறிவிடும். பொடியின் நடு பின்னக்சிலுக்கு 0.85 மீற்றர் முன்னால் வரும். நீட்டிய பின் வெறும் எடை முன்னால் 4.8, பின்னால் 2.2 என்று வைத்தால், ஏற்றிய பின் முன்னால் 6.3 தொன், பின்னால் 10.7 தொன். தகட்டில் 7உம் 11உம் இருந்தால் இரண்டும் அளவுக்குள் நிற்கும். பின் சக்கர நடுவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி 2.8 மீற்றர்; வீல்பேஸில் 51 வீதம். இந்திய மோட்டார் வாகன விதிகள் இதற்கு 60 வீதத்தை எல்லையாக வைக்கின்றன. இங்கே ஓடும் டாட்டா, லேலண்ட் வண்டிகளும் அந்தக் கணக்கில் செய்யப்பட்டவையே. ஆகவே பொடியின் நீளத்தைத் தீர்மானித்துவிட்டு வீல்பேஸைத் தேடாதீர்கள். தகட்டிலுள்ள இரண்டு எண்களிலிருந்து தொடங்குங்கள். வீல்பேஸும் பொடியும் அதிலிருந்துதான் வர வேண்டும்.

வாழைச்சேனைத் துறைமுகத்துக்கு மீன் ஏற்ற ஃப்ரீசர் பொடி அடிப்பவர்கள் இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். தடித்த சுவர் மொத்தப் பாரத்தைக் கூட்டும், பொடியின் நெற்றியில் மாட்டும் குளிரூட்டி முன்னக்சிலில் பாரம் ஏற்றும். அவர்களுக்குச் சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்.

இனி செசி. பிரைம் மூவரின் சனல், அதாவது செசியின் இரு பக்க நீளச் சட்டம், ட்ரெய்லர் பாரத்தைப் பின்னக்சிலுக்குச் சற்று முன்னால் ஒரே இடத்தில் தாங்கச் செய்யப்பட்டது. லொறியில் பாரம் முழு நீளத்துக்கும் பரவும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் 2.8 மீற்றரும் கீழே தொங்கப் பார்க்கும். மேலே சொன்ன 10 தொன்னுக்கு, கபினுக்குப் பின்னால் சனல் கீழ்நோக்கி வளையும் விசை ஆகக் கூடினால் 2.4 தொன் மீற்றர். பின்னக்சிலுக்கு நேர் மேலே அது 5.4 தொன் மீற்றர், அதுவும் எதிர்த்திசையில். சனலின் மேல் ஓர மடிப்பு இழுபடும். வாலில் பிரைம் மூவரின் பழைய சனல் முடியும் இடம், அக்சிலுக்கு 80 சென்ரிமீற்றர் பின்னால், 2.7. செசியை நீட்ட நடுவில் போடும் வெல்டிங் ஒட்டைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். வாலில் போடும் ஒட்டுத்தான் அதைவிடக் கூடச் சுமக்கிறது. அதை மட்டும் கடைசி நாளில், மீந்த சனல் துண்டை வைத்து, ஒரு மணித்தியாலத்தில் ஒட்டிவிடுகிறார்கள். வெடிப்பு முதலில் அங்கே, மேல் மடிப்பின் ஓரத்தில் தொடங்கும்.

நடுவில் வெட்டி 2 மீற்றர்த் துண்டைச் செருகினால் ஒரு பக்கத்துக்கு இரண்டு ஒட்டு. வாலுக்கு இன்னொன்று. இரு பக்கமும் சேர்த்து ஆறு. எங்கள் தீர்ப்பு வேறு. கியர் பொக்ஸ் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால், பின் ஸ்பிரிங்கைச் செசியில் தாங்கும் முன் ஹேங்கருக்கு முன்னால், ஒரே இடத்தில் வெட்டுங்கள். அங்கிருந்து வால் வரைக்கும் ஒரே நீளமான சனலைப் போடுங்கள். மேலுள்ள வண்டிக்கு அது 6 மீற்றர் வரும். ஒட்டு இரண்டே இரண்டு. வாலில் ஒட்டே இல்லை. அதே மொடல் லொறியொன்றின் உடைந்த வண்டியிலிருந்து சனல் கிடைத்தால் மிக நல்லது. இல்லையென்றால் அதே தடிப்பு, அதே தர உருக்குத் தகட்டில் மடித்தெடுக்க வேண்டும். கடையில் விற்கும் சாதாரண சி சனல் இதற்கு ஆகாது. ஹேங்கர் துளைகளைப் பழைய சனலிலிருந்து தகரத்தில் அச்செடுத்து, துளைப்பானால் மட்டும் போடுங்கள். காஸ் கட்டரால் சுட்ட துளையின் ஓரம் கடினமாகி வெடிப்புக்கு விதை போட்டுவிடும். மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் எந்தக் காரணத்துக்காகவும் துளை போடக் கூடாது. ஃபிப்த் வீல் இருந்த பழைய துளைகள் சனலில் மிஞ்சினால் அவற்றை வெல்டிங்கால் அடைக்காதீர்கள். அப்படியே விடுங்கள், அல்லது தகுந்த போல்ட்டை இறுக்குங்கள்.

ஒட்டும் முன் பற்றரியின் இரு முனையையும் கழற்ற வேண்டும். எஞ்சினின் கணினியான இசியூ, ஏபிஎஸ் பெட்டி, அல்டர்நேட்டர் ஆகியவற்றின் சொக்கெட்டுகளையும் கழற்ற வேண்டும். டீசல் தாங்கியை இறக்கி, அருகே ஓடும் நைலோன் காற்றுக் குழாய்களை விலக்கிக் கட்டுங்கள். எர்த் கிளாம்ப்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் அக்சில் பேரிங் வழியாகப் போய் உருளைகளில் புள்ளி புள்ளியாகச் சுட்டுவிடும். மூன்று மாதம் கழித்து பேரிங் இரையும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

வெட்டை நேராகப் போடாமல் 45 பாகையில் சாய்த்துப் போடுங்கள். இரு முகத்தையும் சரித்து, இடையில் 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். வெளிப்பக்கம் ஒட்டியபின் உட்பக்கத்தைக் கிரைண்டரால் தோண்டி, நல்ல உலோகம் தெரிந்த பிறகு அந்தப் பக்கமும் ஒட்டுங்கள். மடிப்பின் ஓரத்தில் சின்னத் தகட்டுத் துண்டை ஒட்டாகப் பிடித்து, வெல்டிங்கை அதன் மேல் கொண்டுபோய் முடித்து, பிறகு துண்டை அறுத்தெடுங்கள். வெல்டிங் முடியும் இடத்தில் விழும் குழி மடிப்பின் ஓரத்தில் இருக்கக் கூடாது என்பதே காரணம். கடைசியில் ஒட்டைச் சனலின் மட்டத்துக்குத் தேய்க்கும்போது கிரைண்டரைச் சனலின் நீளவாக்கில் ஓட்டுங்கள். குறுக்கே ஓட்டினால் ஒவ்வொரு கீறலும் ஒரு வெட்டு.

வெல்டிங் குச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கும் கையில் எடுப்பது 6013. முதல் இரு இலக்கங்கள் சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல் என்ற வலிமையைச் சொல்கின்றன. கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அது போதும். செசிக்குக் குறைந்தது 7018 வேண்டும். உருக்கு அதைவிட வலியதென்றால் அதற்கேற்ற 80, 90 வரிசைக் குச்சி. சூட்டுப் பதமேற்றிய 110,000 இறாத்தல் சனல் என்றால் 110 வரிசை. அந்தச் சனலில் சூடு பட்ட இடம் எப்படியும் பலம் இழக்கும் என்பதால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. 7018 குச்சி ஈரத்தை உறிஞ்சும். வாவிக்கரைக் காற்றில் திறந்து கிடந்த பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டினால், ஈரத்திலுள்ள ஐதரசன் ஒட்டுக்குள் போய், வேலை முடிந்த மறுநாள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பாக மாறும். 350 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் சுட்டு, சூடான பெட்டியில் வைத்து எடுத்துப் பாவியுங்கள். குச்சி சுடும் அடுப்பு இல்லாத கராஜில் செசி ஒட்டக் கொடுக்காதீர்கள்.

ஒட்டுக்கு உட்பக்கமாக 6 முதல் 8 மில்லிமீற்றர்த் தடிப்பில் எல் வடிவத் தகடு ஒன்று வேண்டும். ஒட்டிலிருந்து இரு பக்கமும் 60 சென்ரிமீற்றர் நீளட்டும். முனைகளைச் சாய்த்து வெட்டுங்கள். சதுரமாக முடிந்தால் முடியும் இடத்தில் செசி உடையும். அதை வெல்ட் செய்யாமல், சனலின் நிமிர்ந்த பக்கத்தில் 10.9 தர 16 மில்லிமீற்றர் போல்ட்டால் பூட்டி, டோர்க் ரென்ச்சால் சுமார் 290 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். பிறகு மூலைக்கு மூலை அளந்து, இரு பக்க வீல்பேஸும் 3 மில்லிமீற்றருக்குள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத வண்டி நண்டு போலச் சாய்ந்து ஓடி ரயரைத் தின்னும்.

சப் ஃபிரேம் இல்லாமல் பொடியை நேரே செசியில் வைப்பது பெரிய பிழை. 100 முதல் 120 மில்லிமீற்றர் உயரச் சனல், செசி சனலுக்கு நேர் மேலே, கபினின் முதுகு வரை. முன் முனையைச் சாய்த்துச் சீவ வேண்டும். மூடிய பொடி பெட்டி போல விறைப்பானது. செசியோ மேடு பள்ளத்தில் முறுக வேண்டியது. முன்னால் இரண்டு பிடிகளை ஸ்பிரிங் வைத்த போல்ட்டால் இளக்கமாகவும், பின்னால் தகட்டுப் பிடிகளால் இறுக்கமாகவும் பூட்டினால் இரண்டும் ஒத்துப் போகும். எல்லாவற்றையும் யூ போல்ட்டால் இறுக்கினால் பிரேக் போடும்போது பொடி முன்னால் நழுவும். யூ போல்ட் போடத்தான் வேண்டுமென்றால் சனலுக்குள் முட்டு வைக்காமல் இறுக்காதீர்கள், மடிப்பு நசுங்கிவிடும். இரண்டு சனலுக்கும் நடுவே மரப் பலகை வைப்பது பழைய வழக்கம். ஒலுவிலிலிருந்து பொத்துவில் வரையும் கடற்காற்று அடிக்கும் ஊர்களில் அந்தப் பலகை உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்து மேல் மடிப்பை மேலிருந்து அரிக்கும், வெளியே தெரியாது. துத்தநாகப் பூச்சுப் பூசி இரும்போடு இரும்பாக வைப்பதே இங்கே நல்லது. அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டத்தில் அறையும்போதும் நடுவே ரப்பர்ப் பட்டி வையுங்கள்.

கியர் பொக்ஸிலிருந்து பின்னக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டை நீட்டுவதில்தான் பணம் மிச்சம் பிடிக்கிறார்கள். ஜொயின்டுக்கு ஜொயின்ட் 1.4 மீற்றர் இருந்த ஷாஃப்ட் இப்போது 3.4 மீற்றர் வேண்டும். குழாயை வெட்டி நடுவில் துண்டு வைத்து ஒட்டினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஷாஃப்ட்டின் நீளம் இரட்டிப்பானால் அது கயிறு போலச் சுழன்று வீசத் தொடங்கும் வேகம் நாலில் ஒன்றாகக் குறையும். 100 மில்லிமீற்றர் விட்டம், 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குக் குழாய் 1.4 மீற்றரில் நிமிடத்துக்கு 8,000 சுற்றுக்கு மேல் தாங்கும். 3.4 மீற்றரில் 1,400 சுற்றிலேயே வீசும். டிஃபரன்ஷியல் 3.7க்கு 1 என்றால், 295/80 22.5 ரயரில் 80 கிலோமீற்றர் வேகத்தில் ஷாஃப்ட் ஏறத்தாழ 1,550 சுற்றுச் சுற்றும். அதாவது 72 கிலோமீற்றரைத் தொடும்போதே ஷாஃப்ட் முறியும் நிலைக்கு வந்துவிடும். முன் ஜொயின்ட் விட்டால் ஷாஃப்ட்டின் முனை ரோட்டில் குத்தி வண்டியைத் தூக்கும். காற்றுத் தாங்கியையும் குழாயையும் கிழிக்கும். ஆகவே இரண்டு துண்டு, நடுவில் சென்டர் பேரிங், அதற்குப் போல்ட்டில் பூட்டிய தனிக் குறுக்குச் சட்டம், கீழே பாதுகாப்பு வளையம். ஷாஃப்ட் முனைகளிலுள்ள கவைகளான யோக்குகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒவ்வொரு ஜொயின்டின் சரிவும் 1 பாகைக்குக் குறையாமலும் 5 பாகைக்கு மேற்படாமலும் இருக்கட்டும். சரிவே இல்லாவிட்டால் ஊசி உருளைகள் அசையாமல் ஒரே இடத்தில் குழி விழுத்தும். கடைசியில் மெஷினில் வைத்துப் பலன்ஸ் செய்யுங்கள்.

பிரேக்கில் ட்ரெய்லருக்குப் போகும் சிவப்பு, மஞ்சள் குழாய்களின் வாயை மட்டும் அடைத்துவிட்டு விடுகிறார்கள். ட்ரெய்லர் கன்ட்ரோல் வால்வையும் கை வால்வையும் முழுதாகக் கழற்றி, காற்று புறப்படும் இடத்திலேயே அடையுங்கள். பின் பிரேக் சேம்பர்களுக்குக் காற்றைத் திறந்துவிடும் ரிலே வால்வைப் பின்னக்சிலோடு கூடவே பின்னால் கொண்டுபோக வேண்டும். பழைய இடத்தில் விட்டு 2 மீற்றர்க் குழாயைச் சேர்த்தால் பின் பிரேக் தாமதமாகப் பிடிக்கும். குழாயை இடையில் ஜொயின்ட் போட்டு நீட்டாமல் முழு நீளமாக மாற்றுங்கள். பாரத்துக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருந்தால் அதன் அளவைப் புதிய பாரத்துக்கு மாற்றியமைக்க வேண்டும். பிறகு காற்றை நிரப்பி, எஞ்சினை நிறுத்தி, கால் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். கண்டிக்கு மகியங்கனை பதினெட்டு வளைவால் ஏறி இறங்கும் வண்டிகளில் எக்ஸோஸ்ட் பிரேக்கைக் கழற்றி வைப்பது மன்னிக்க முடியாத செயல்.

ஸ்டியரிங் பற்றி ஒன்று: திரும்பும்போது உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் வெவ்வேறு அளவு வளைவது வீல்பேஸைப் பொறுத்தது. குட்டை வீல்பேஸுக்கான ஸ்டியரிங் கைகளை அப்படியே விட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் முன் ரயர் தேயும். அதே மொடலின் நீள வீல்பேஸ் வண்டியின் கைகள் கிடைத்தால் மாற்றுங்கள். திரும்ப வேண்டிய இடமும் கூடும், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆலைக்குப் போகும் ஒழுங்கை அதற்குத் தாங்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். மூன்று அக்சிலுள்ள 6×4 பிரைம் மூவரை இந்த வேலைக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். அதன் சொந்தப் பாரமே ஏற்றுகிற அரிசியைத் தின்றுவிடும்.

வண்டியின் வகையும் எடையும் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அனுமதி வேண்டும். அதை வெட்டுவதற்கு முன் கேளுங்கள். வரைபடமும் மேலே சொன்ன எடைக் கணக்கும் கையில் இருக்கட்டும். செசி இலக்கம் அடித்த இடத்தில் வெல்டிங்கோ கிரைண்டரோ படவே கூடாது.

திணைக்களத்திடமும் ஒரு வேண்டுகோள். இப்படி மாற்றிய வண்டிகளை இரண்டு முறை பரிசோதியுங்கள். ஒட்டிய பின், பெயின்ற் அடிக்குமுன் ஒரு முறை. பொடி ஏறிய பின் இன்னொரு முறை. இரண்டாம் முறைக்கு எடைச் சீட்டைக் கேளுங்கள். பெரிய அரிசி ஆலைகளில் எடைப்பாலம் இருக்கிறது. முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, வெறுமையாகவும் முழுப் பாரத்தோடும். நாலு சீட்டுக்கு அரை மணித்தியாலம் போதும். முழுப் பாரத்தில் முன்னால் 4 தொன்னுக்குக் குறைவாகக் காட்டும் 4×2 வண்டிக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
கனரக வாகன செசி, பொடி வேலை செய்வோர் சிலர்,
மட்டக்களப்பு.